மேஜர் என்ன தின்றது

அவரை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏதோ பாசத்தில் எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு நாள் காலையில் வீட்டு வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டிலிருந்து அவர் வந்தார். கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. சிரட்டைக்குள் அவருடைய நாய் எடுத்த வாந்தி. அதைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"நல்லாப் பாருலே. இது என்ன அரிசி?"

"ஏட்டையா, நான் இன்னும் காலைச் சாப்பாடு சாப்பிடல."

"சாப்பிடுறதுக்கு முன்னாடி பதிலச் சொல்லிட்டுப் போ. எங்க வீட்டுல ரேஷன் அரிசி. இது சன்னமா இருக்கு. இந்தத் தெருவுல சன்ன அரிசி பொங்குற வீடு எது எது?"

"உங்க நாய்க்கு நாங்க எதுக்குச் சோறு போடப்போறோம்?"

"போட்டேன்னு நான் சொல்லலையே. என்ன அரிசின்னுதான் கேட்டேன். போடலைன்னு நீயா ஏன் சொல்லுத?"

இதுதான் அவர். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கே அவர் ஏட்டையா. பெயர் எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். அவர் போய்ச்சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. அவருடைய மருமகள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள்.

"தானா நடக்குறதுன்னு ஒண்ணு கெடையாதுலே. செஞ்சவன் ஒருத்தன் இருப்பான்." இதை அவர் வாயால் நான் கேட்காத வாரம் கிடையாது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் பல்பு போய்விட்டது என்று நாம் நினைப்போம். அவர் கம்பத்துக்கு அடியில் கல் கிடக்கிறதா என்று தேடுவார். தென்னையிலிருந்து நெற்று விழுந்தால் முதலில் மரத்தைப் பார்ப்பார், பிறகு பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்ப்பார். ஒரு தடவை என் வண்டிச் சக்கரத்தில் ஆணி ஏறிவிட்டது. நான் பஞ்சர் ஒட்டிவிட்டு வாடகைக்குப் போயிருப்பேன். விடவில்லை. அந்த ஆணியைத் தாளில் மடித்து வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினார். தச்சு வேலை செய்கிறவனை இழுத்துவந்து என் வாசலில் நிறுத்தினார். கடைசியில் அந்த ஆணி என் வண்டியின் பலகையிலிருந்தே கழன்று விழுந்தது என்று நிரூபித்துவிட்டு, பெரிய கொலைவழக்கை முடித்தவர் மாதிரி வீட்டுக்குப் போனார். எனக்கு அன்றைய பள்ளிக்கூடச் சவாரி போனது.

இதெல்லாம் சிரிக்கிற மாதிரி இருக்கும். எல்லா நேரமும் சிரிக்க முடியாது.

அவர் மனைவிக்குச் சர்க்கரை வியாதி. கால் விரலில் ஒரு சின்னப் புண்ணாக ஆரம்பித்தது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். விரலை எடுத்தார்கள், பாதத்தை எடுத்தார்கள், முழங்கால்வரை எடுத்தார்கள். அந்த அம்மா பிழைக்கவில்லை. உடம்பை நடு வீட்டில் கிடத்தியிருக்கிறது. பெண்கள் அழுகிறார்கள். இவர் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, துக்கம் கேட்க வருகிறவர்களை ஒவ்வொருவராக விசாரிக்கிறார். "நீ கடைசியா எப்பப் பாத்த? ஆஸ்பத்திரிக்குத் திராட்சை வாங்கிட்டு வந்தது யாரு? நீதான? எந்தக் கடையில வாங்குன?" திராட்சை வாங்கிப்போன பெண் தலையில் அடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். எனக்கு அன்றைக்குத்தான் அவர்மேல் ஒரு மாதிரியான பயம் வந்தது. ஒரு மனுஷன் அழ வேண்டிய இடத்தில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் எந்த டாக்டரிடமும் போகவில்லை. காய்ச்சல் வந்தாலும் கஷாயம்தான். "அறுக்கத் தெரிஞ்ச பயலுக. வேற என்ன தெரியும்?" என்பார்.

இன்னொன்று, அவர் சாக்ஸ். வேலையில் இருந்தபோது போட்ட காக்கி சாக்ஸ். வேட்டி கட்டி, ரப்பர் செருப்புப் போட்டு, அந்தச் செருப்புக்குள் காக்கி சாக்ஸ். செருப்பு வார் விரலுக்கு நடுவில் போக வேண்டுமே, துணியோடு சேர்த்து இடுக்கிக்கொண்டு நடப்பார். கத்திரி வெயிலிலும் கழற்ற மாட்டார்.

"என்ன ஏட்டையா, பரேடுக்குக் கெளம்பிட்டீங்களா?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"பூட்ஸுக்குள்ளயே கெடந்த காலுலே இது. காத்துப் பட்டாக் கூசுது. ஒனக்கு என்ன வந்துச்சு?"

எனக்கு ஒன்றும் வரவில்லை. கிறுக்கு என்று விட்டுவிட்டேன்.

நாய் கதைக்கு வருகிறேன். அவருடைய ஒரே மகன் ராணுவத்தில் இருந்தான். ஒரு லீவில் பெங்களூரிலிருந்து ஒரு சடை நாய்க்குட்டியைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தான். வெள்ளை நிறம். இரண்டு கையில் அடங்கிவிடும். எங்கள் ஊரில் நாய் என்றால் இடுப்பளவு நிற்க வேண்டும், காட்டுப்பன்றியைப் பார்த்தால் பாய வேண்டும். பக்கத்துத் தெருவில் அப்படி இரண்டு நாய் வளர்க்கும் ராஜு சமூகத்துக்காரர் ஒருவர் இருந்தார். அவர் இதைப் பார்த்துவிட்டு, "ஏட்டையா, இது நாயா, இல்ல மில்லுல இருந்து பறந்து வந்த பஞ்சா?" என்றார்.

"ஒன் நாய் கடிச்சாத்தான் திருடன் ஆப்புடுவான். என் நாய் மோந்தாலே போதும்" என்றார் இவர்.

அதற்கு மேஜர் என்று பெயர் வைத்தார். "நான் ஏட்டாவே ரிட்டயர்டு ஆயிட்டேன். எம்மவன் சிப்பாயாப் போயிருக்கான். வீட்டுல ஒருத்தனாவது மேஜரா இருக்கட்டும்." இப்படித் தன்னைத் தானே கேலி செய்துகொண்டு அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மேஜர் எந்நேரமும் அவர் காலடியில் கிடக்கும். அந்தக் காக்கி சாக்ஸை நக்கிக்கொண்டே இருக்கும். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் காட்டுவார். "பாத்தியா? சோறு வைக்கிறது மருமக. ஆனா கெடக்குறது என் காலடியில. வெசுவாசம்னா இதாம்லே." அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் ஒரு மென்மை வரும். ஆளுக்குள் ஏதோ இருக்கிறது என்று தோன்றும். உடனே எதையாவது கேட்டுக் கெடுத்துவிடுவார்.

மருமகள் வத்திராயிருப்புப் பெண். பெயர் செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். புருஷன் எல்லையில், மாமியார் இல்லை, வீட்டில் இவளும் மாமனாரும் நாயும். அவள் அதிகம் பேச மாட்டாள். ஆனால் பேசினால் நறுக்கென்று இருக்கும். "அண்ணே, நான் வாக்கப்பட்டு வந்தது வீட்டுக்கு இல்ல, ஸ்டேசனுக்கு" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாள்.

மாம்பழக் காலத்தில் மேஜருக்கு வயிறு கெட்டது. கழிச்சல், வாந்தி. இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் மறுபடியும். அந்தச் சிரட்டையோடு என் வாசலுக்கு வந்தது அப்போதுதான். உள்ளூரில் ஒரு கால்நடை டாக்டரிடம் போனார். நாய் என்ன தின்றது என்று டாக்டர் கேட்க, போடப்போகிற மருந்து எப்போது வாங்கியது, அதை எந்தப் பெட்டியில் வைத்திருந்தீர்கள் என்று இவர் கேட்க, "ஐயா, வைத்தியத்துக்கு வந்தீங்களா, ரெய்டுக்கு வந்தீங்களா?" என்று டாக்டர் கேட்டுவிட்டார். அதோடு இவர் அந்தப் படி ஏறவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண் டாக்டர் சின்ன நாய்களை நன்றாகப் பார்க்கிறார் என்று யாரோ சொன்னார்கள். தலையெழுத்து, வண்டி என்னுடையது.

செல்வி பின்னால் துண்டில் சுற்றிய நாயோடு உட்காருவாள். இவர் பின்னால் உட்கார மாட்டார். என் சீட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு உட்காருவார். வழி முழுக்கக் கேள்வி.

"ஒம் பொண்டாட்டி மீன் முள்ள எங்கலே போடுதா?"

"குப்பை வண்டியில ஏட்டையா."

"எல்லா முள்ளையுமா?"

"எண்ணிப் பாக்கல."

"எண்ணணும்லே. எண்ணியிருந்தா இன்னைக்கு நீ தப்பிச்சிருக்கலாம்."

எதிரே பஸ் வரும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவேன்.

டாக்டர் அம்மாவுக்குப் பொறுமை அதிகம். மேஜரின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஊசி போட்டார். அது அவர் கையையே நக்கியது.

"என்ன சாப்பிட்டான்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒங்ககிட்ட வந்திருக்கேன்" என்றார் ஏட்டையா.

"நான் வெறும் டாக்டருங்கய்யா. இன்னைக்கு ஒண்ணும் குடுக்காதீங்க. உப்பும் சீனியும் போட்ட தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. நாளையில இருந்து குழைஞ்ச சோறு, மோர். சரியாயிரும்." பிறகு ஒரு வார்த்தை சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். "எதையோ திங்கிறான். என்னன்னு கவனிங்க."

அவ்வளவுதான். வெளியே வரும்போது அவர் நடையே மாறிவிட்டது. சர்வீசில் மறுபடியும் சேர்ந்துவிட்ட மாதிரி நடந்தார். செல்வி பால்கோவாக் கடையைப் பார்த்து, "மாமா, ஊருக்கு வந்துட்டு வெறுங்கையோட போறதா? ஒரு பொட்டலம் வாங்கிக்கிறேனே" என்றாள்.

"பால் சாமான் ஒண்ணும் வீட்டுக்குள்ள வரக்கூடாது. நாய்க்குக் குடுக்கிறதுக்கா?"

"எனக்குத் திங்கிறதுக்கு மாமா."

"அத நான் எப்படி நம்புறது?"

அவள் கடையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

அதற்குப் பிறகு எங்கள் தெரு தெருவாக இல்லை. மாம்பழக்காரி கூடையை இறக்கினால் கொட்டையை யார் எங்கே போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றார். என் வீட்டுக் குப்பையைக் கம்பால் கிளறினார். என் மனைவி விளக்குமாற்றோடு வெளியே வந்துவிட்டாள். "ஏட்டையான்னு மரியாதைக்குப் பாக்கேன். இன்னொரு தடவை வாசல்ல கம்பு தெரிஞ்சது, கம்பு இருக்காது." அதற்கும் அவர் அசையவில்லை. "கோவம் வருதுல்லா? ஏன் வருது?" என்றார். ஒரு மாங்கொட்டை, ஒரு கோழி எலும்பு, பிய்ந்த செருப்புத் தோல், இவற்றையெல்லாம் வாசல்படியில் தாளில் பரப்பி வைத்திருந்தார். நாய் நடுவில் படுத்து அவர் சாக்ஸை நக்கிக்கொண்டிருந்தது.

வெளியே ஆள் கிடைக்கவில்லை. விசாரணை வீட்டுக்குள் திரும்பியது.

எப்போதோ ஒரு நாள் சோற்றில் நாய் முடி கிடந்ததற்கு, "இத எங்கயாவது கொண்டுபோயி விட்டாத்தான் என்ன" என்று செல்வி சொல்லியிருக்கிறாள். அது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. இரண்டாவது தடவை ஸ்ரீவில்லிபுத்தூர் போவதற்கு நான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே கூப்பிடப் போனேன். அடுப்படிக்கு வெளியே அவள் நாய்க்குக் கரைத்த மோர்ச்சோற்றோடு நிற்கிறாள். இவர் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார்.

"மொதல்ல நீ தின்னு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தபடியே ஒரு வாய் அள்ளித் தின்றாள். மென்று விழுங்கினாள். இன்னொரு வாய் தின்றாள்.

"போதுமா மாமா? முழுசும் திங்கணுமா?"

"செத்த நேரம் பொறு. பாப்போம்."

அவர் செத்த நேரம் பொறுத்தார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு பொறுத்தார். எனக்கு அந்தக் கிண்ணத்தைப் பிடுங்கி அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. அவர் வயது தடுத்தது. அந்தப் போலீஸ் பார்வையும் தடுத்தது. பொய் சொல்வானேன்.

அன்று மாலை செல்வி என் மனைவியிடம் வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"மகன்கிட்டப் போன்ல சொல்லிட்டாரு மதினி. ஒம் பொண்டாட்டி நாய்க்கு எதையோ வைக்கான்னு. அவிய எங்கிட்ட சரியாப் பேசுறதே இல்ல. அப்பா எதையும் சும்மா சொல்ல மாட்டாருங்காக. நாய் பொழைச்சாச் சரி. செத்துச்சுன்னா நாந்தான் கொன்னேன்னு ஆயிரும். இன்னைக்கு நாய்க்கு வச்சவ நாளைக்கு மாமனாருக்கு வைக்க மாட்டாளான்னு கேப்பாக. பொறவு நான் அம்மா வீட்டுக்கு, வத்ராப்புக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். அங்க மட்டும் எவ என்னை நம்புவா?"

அவள் அழவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அந்தப் பஞ்சு உருண்டை நாயின் வயிற்றில் இந்தப் பெண்ணின் வாழ்க்கை மாட்டிக்கொண்டு கிடந்தது.

கடைசித் தடவை போனது ஒரு காலை நேரம். மேஜர் எதையும் தொடவில்லை. வயிறு பறை மாதிரி இறுகியிருந்தது. ஓங்கரித்துக்கொண்டே இருந்தது. ஏட்டையாவும் அன்று தளர்ந்துதான் இருந்தார், ஒரு காலை இழுத்து இழுத்து வந்தார். ஆனாலும் என் சீட்டில் ஏறிக்கொண்டார். ஊரைத் தாண்டி, மில்லைத் தாண்டி, தென்னந்தோப்பு ஒன்றின் ஓரம் போகும்போது, பின்னால் செல்வி, "அண்ணே, நிப்பாட்டுங்க, எடுத்துட்டான்" என்றாள்.

நிறுத்தினேன். வண்டித் தரையில் வாந்தி. அவள் நாயைத் தூக்கிக்கொண்டு வாய் கழுவிவிட எதிரே இருந்த டீக்கடைக் குழாய்க்குப் போனாள். இவர் உடனே ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு வந்து குனிந்தார். வழக்கம்தானே என்று நான் துடைப்பதற்குத் துணி எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் அவர் அசையாமல் நிற்கிறார். குச்சி முனையில் ஒரு துண்டுத் துணி. வலை மாதிரி நெய்த வெள்ளைத் துணி, சுருண்டு முறுக்கிக் கிடக்கிறது. மஞ்சள் கறை. எண்ணெய்ப் பிசுக்கு.

எனக்கு அது என்ன துணி என்று உடனே தெரிந்தது. ஏனென்றால் என் கையிலிருந்த துடைக்கிற துணியும் அதுதான். பேண்டேஜ் துணி. எங்கள் பக்கத்துச் சத்திரப்பட்டியில் அதைத் தறியில் நெய்கிறார்கள். கழிவுத் துண்டு எந்த வீட்டிலும் கிடக்கும். நான் வண்டிக் கண்ணாடி துடைக்கிறேன். என் மனைவி பலகாரத்துக்கு மாவு சலிக்கிறாள். ஆனால் நாங்கள் யாரும் அதில் மஞ்சள் தடவுவதில்லை.

ஏட்டையா என்னைப் பார்க்கவில்லை. குச்சியால் அந்தத் துணியை ரோட்டோரத்தில் தள்ளினார். செருப்புக் காலால் மண்ணைத் தள்ளி அதன்மேல் மூடினார். மூடும்போது பல்லைக் கடித்துக்கொண்டார்.

"என்ன ஏட்டையா அது?"

"ஒண்ணுமில்ல. புல்லு."

சிரட்டையில் ஏந்திக்கொண்டு தெரு முழுக்கக் காட்டிய மனுஷன் மண்ணைப் போட்டு மூடினார். அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வரைக்கும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டு வரும்போது எரிச்சலாக இருக்கும். அன்று அவர் கேட்காமல் வந்தது அதைவிட மோசமாக இருந்தது. கோபுரம் தெரிந்ததும் வழக்கமாகக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அதுவும் செய்யவில்லை.

டாக்டர் அம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்த உடனேயே முகம் மாறினார். "குடல்ல ஏதோ அடைச்சிருக்கு. வாந்தியில எதுவும் வந்துச்சா? துணி, கயிறு, பிளாஸ்டிக், எதுனாலும் சொல்லுங்க. தெரிஞ்சாத்தான் நான் முடிவெடுக்க முடியும்."

"தண்ணிதான் வந்துச்சு" என்றார் ஏட்டையா.

டாக்டர் செல்வியைப் பார்த்தார். "வீட்டுல இருக்கிறது நீங்கதானம்மா? அவன் எதத் திங்கிறான்னுகூடப் பாக்க மாட்டீங்களா?"

செல்வி தலையைக் குனிந்தாள். நான் ஏட்டையாவைப் பார்த்தேன். சொல்வார் என்று நினைத்தேன். அவர் சுவரில் இருந்த நாய் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளைத் திட்டு வாங்க விட்டுவிட்டு நின்றார். எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது.

"துணி வந்துச்சு டாக்டர். பேண்டேஜ் துணி. மஞ்சத் தடவுன துணி. ஏட்டையா மண்ணப் போட்டு மூடிட்டாரு."

மேஜர் மேசையில் முனகியது.

"மஞ்சளா?" என்றார் டாக்டர். "அப்ப புண்ணுல கட்டுன துணி. அந்த வாடைக்குத்தான் தின்னுருக்கான். வீட்டுல யாருக்குப் புண்ணு?"

செல்வியின் பார்வை மெதுவாகக் கீழே இறங்கியது. அந்தக் காக்கி சாக்ஸில் நின்றது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, காலக் காட்டுங்க."

"ஏட்டி, எந்திரி. எடம் தெரியாம..."

"காலக் காட்டுங்க மாமா."

அவரே எத்தனையோ பேரிடம் பேசிய அதே குரல். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் சாக்ஸை இறக்கினாள். உள்ளே அதே துணிக்கட்டு, நனைந்து ஒட்டிக்கிடந்தது. வாடை வந்தது. பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அவள் திருப்பவில்லை.

"எப்ப இருந்து?"

"சித்திரையில இருந்து."

"என்ன வச்சிக் கட்டுனீங்க?"

"மஞ்சளும் தேங்காண்ணையும்."

"பழைய துணிய எங்க போட்டீங்க?"

"தென்னைக்குப் பொறத்தால. குழி தோண்டித்தான் போட்டேன்."

"யாருக்குத் தெரியும்?"

அவர் மேசையைப் பார்த்துச் சொன்னார்.

"மேஜருக்கு."

டாக்டர் அம்மா கையுறையைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "ஐயா, நான் மிருகத்துக்கு டாக்டர். ஆனா இத யாரு பாத்தாலும் தெரியும். நீங்க இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. இன்னைக்கே."

"அங்க போனா அறுத்துருவாங்க. எம்பொண்டாட்டிய அப்படித்தான் கொஞ்சங் கொஞ்சமா அறுத்தானுக."

"இவனையும்தான் நான் இப்ப அறுக்கப்போறேன். இவன் எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டானா?"

அவர் மேஜரின் தலையில் கையை வைத்தார். அது அந்த நிலையிலும் கையை விட்டுவிட்டுக் கால் பக்கம் எட்டப் பார்த்தது. அவர் முகம் கோணிக்கொண்டு வந்தது. மனைவி செத்த வீட்டில் வராதது அங்கே, நாய் ஆஸ்பத்திரியில் வந்தது. செல்வி எழுந்து, "நீங்க அண்ணன்கூடப் போங்க மாமா. இவன நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

அவளிடம் நாயை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வந்ததா என்று கேட்டால், வந்தது. வேறு வழியில்லாமல் வந்ததா, நம்பி வந்ததா, எனக்குத் தெரியாது. நான் அவரைத் தாங்கி வண்டியில் ஏற்றினேன். இந்தத் தடவை பின்னால் உட்கார்ந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இரண்டு விரலை எடுத்தார்கள். கால் தப்பியது. இவருக்கும் சர்க்கரை இருக்கிறது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மனைவி போன வழிதான் என்றார்கள். மேஜரின் குடலிலிருந்து ஒரு கைப்பிடித் துணியை எடுத்தார் டாக்டர் அம்மா. அதுவும் பிழைத்தது.

ஏட்டையா வீட்டுக்கு வந்த அன்று நான்தான் கொண்டுவந்து கட்டிலில் இறக்கினேன். மேஜரை எதிர்மூலையில் கட்டியிருந்தது. வயிற்றில் தையல், அதை நக்காமல் இருக்கக் கழுத்தில் அட்டை. இவரைப் பார்த்ததும் சங்கிலியை இழுத்தது. செல்வி கட்டு மாற்றுவதற்கு வெந்நீரும் புதுத் துணியும் எடுத்து வைத்தாள். அந்த நேரத்தில் மகன் போனில் வந்தான். இவருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அப்பா, காலு எப்படி இருக்கு? நாய்க்கு என்னாச்சு? ஆபரேஷன்னு சொன்னாக. யாரு குடுத்தான்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?"

அவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கண்டுபிடிச்சாச்சு" என்றார். போனைச் செல்வியிடம் நீட்டினார். "நீயே சொல்லு."

இப்போது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சோற்றைத் தின்னச் சொன்னதைச் சொல்லட்டும், மண்ணைப் போட்டு மூடியதைச் சொல்லட்டும். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் நானும் சொல்வேன். வாயில் வார்த்தை தயாராக இருந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

"யாரும் குடுக்கலைங்க" என்றாள். "தானா நடந்தது."

எனக்குக் கோபம்தான் வந்தது. இன்றைக்கும் அந்தக் கோபம் இருக்கிறது. ஏட்டையா வாயைத் திறந்தார். தானா நடக்குறதுன்னு ஒண்ணு கெடையாதுலே என்று வரும் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வரவில்லை. வேட்டியை விலக்கி, காலை அவள் பக்கம் நீட்டினார்.